‘திருச்சி பக்கம்’ என்று ஒரு ஊர் கிடையாது

கல்லூரி விடுதியில் முதல் வாரம். அறைக்கு நாலு பேர். "எந்த ஊரு?" என்ற கேள்வி ஒரு சுற்று வருகிறது. மதுரைக்காரன் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறான். கோயமுத்தூர்க்காரன் சிறுவாணித் தண்ணீரில் ஆரம்பிக்கிறான். வாலிகண்டபுரத்துப் பையன் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "திருச்சி பக்கம்" என்கிறான்.

பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அனுபவம் அவனை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது. வாலிகண்டபுரம் என்றால் "அது எங்க இருக்கு?" என்பார்கள். பெரம்பலூர் என்றால் "ஓ, ஹைவேல போர்டு பார்த்திருக்கேன், அங்க என்ன இருக்கு?" என்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிச் சலித்துப்போனவன், ஊரையே மறைத்துவிட்டான்.

அதே அறையில் இன்னொருவனின் லேப்டாப்பைத் திறந்தால் வால்பேப்பரில் ஒரு பிரெஞ்சு கிராமம். கல் வீடுகள், ஊதா நிறத்தில் லாவண்டர் வயல், சந்தையில் கூடை கூடையாகப் பாலாடைக்கட்டி. வேலை கிடைத்து நாலு காசு சேர்ந்ததும் ஒரு கோடையில் வாடகைக் கார் எடுத்து, மெயின் ரோட்டை விட்டு விலகி, ஊர் ஊராக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும் என்பது அவன் கனவு. நல்ல கனவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனே தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போது, திருமாந்துறை டோல்கேட்டில் கண்ணை மூடினால் சமயபுரம் டோல்கேட்டில்தான் திறக்கிறான். நடுவில் இருப்பது ஒரு முழு மாவட்டம். அவன் கணக்கில் அது ஒரு தூக்கம்.

பிரான்சின் கிராமங்களைப் பார்க்க ஏங்குகிறவன் பெரம்பலூரில் தூங்குவது, பிரான்சில் அழகு இருக்கிறது, பெரம்பலூரில் இல்லை என்பதாலா?

அழகான கிராமம் தானாக முளைக்கவில்லை

பிரான்சுக்காரர்களும் பிறக்கும்போதே கிராமத்தை ரசிக்கத் தெரிந்து பிறந்தவர்கள் இல்லை. அதற்குப் பின்னால் வியாபாரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உள்ளூர்க்காரனின் பிடிவாதமும் இருக்கிறது.

1900ல் மிஷலின் என்ற டயர் கம்பெனி ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. ஜனங்கள் காரில் ஊர் சுற்றினால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் புதுசு விற்கும். இன்றைக்கு உலகத்து ஓட்டல்களெல்லாம் தவம் கிடக்கும் மிஷலின் நட்சத்திரத்தின் ஆதிமூலம் இந்த டயர் கணக்குதான். 1936ல் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை சட்டமானது. அதன் பிறகுதான் சாமானியனுக்கும் கோடைப் பயணம் என்ற ஒன்று கைக்கு எட்டியது. 1982ல் ஒரு சிற்றூரின் மேயர் முன்கை எடுத்து ‘பிரான்சின் மிக அழகான கிராமங்கள்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார். அதில் சேர முக்கியமான நிபந்தனைகள் இரண்டு: மக்கள்தொகை 2000க்கு மேல் போகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். இன்று அதில் 170க்கும் மேற்பட்ட கிராமங்கள்.

கவனித்தீர்களா? யாரோ ஒருவர், "எங்கள் ஊரில் பார்க்க இருக்கிறது" என்று வெட்கப்படாமல் சொன்னார். உலகம் நம்பியது. இன்று ஆண்டுக்குச் சுமார் 10 கோடி வெளிநாட்டினர் அந்த நாட்டுக்குப் போகிறார்கள்.

இங்கே பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குப் பஞ்சமா? இல்லை. சொல்ல வாய்தான் இல்லை.

பிரெஞ்சுக்காரன் வந்த ஊர்

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் வாலிகண்டபுரத்துக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். சுற்றுலாவுக்கு இல்லை, துப்பாக்கியோடு. 1751ல் ஆற்காட்டு நவாபு யார் என்ற சண்டையில் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்கு ஆங்கிலேயர்களும் துணை நின்றார்கள். இரு படைகளும் மோதிக்கொண்ட இடங்களில் ஒன்று இந்த வட்டாரம். அதே ஆண்டில்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான். தென்னிந்தியா பிரெஞ்சுக்காரன் கைக்கா, இங்கிலீஷ்காரன் கைக்கா என்று முடிவான யுத்தத்தின் ஒரு பக்கம், நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகிற இந்த இடத்தில் எழுதப்பட்டது.

சாட்சி இன்னும் நிற்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் கட்டியது. அகழி, மேல்கோட்டை, கீழ்க்கோட்டை என எல்லாம் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஹைவேயிலிருந்து தலையைத் திருப்பினாலே தெரியும். ஆனால் தலையைத் திருப்ப வேண்டுமே! பாண்டிச்சேரிக்குப் போய் மஞ்சள் சுவர் முன்னால் நின்று நாற்பது போட்டோ எடுக்கிற கூட்டத்துக்கு, பிரெஞ்சுச் சரித்திரத்தின் இன்னொரு அத்தியாயம் பெரம்பலூர் போகிற வழியில் கிடப்பது தெரியாது.

கோட்டையைத் தாண்டித் தெற்கே வந்தால் வாலிகண்டபுரம். ராமாயணத்து வாலி இங்கே சிவனைக் கண்டு வழிபட்டான் என்பது ஊர்க்கதை. பெயரும் அதனால் வந்தது என்பார்கள். வாலீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கூட்டமில்லை, தள்ளுமுள்ளு இல்லை, நூறு ரூபாய் சிறப்பு தரிசன வரிசை இல்லை. ஒரு மண்டபத் தூணில் சாய்ந்து அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் மற்றவன் பிரான்சுக்கு டிக்கெட் எடுக்கிறான்.

மரம் கல்லான ஊர், கடல் மண்ணான ஊர்

பெரம்பலூரைத் தாண்டி, திங்கள் வெள்ளியில் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிழக்கே கிளைச் சாலையில் திரும்பினால் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் கல். சுமார் 12 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940ல் இதை உலகுக்குச் சொன்னார். கல்மரப் பூங்கா என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

மரம் எப்படிக் கல்லாகும்? அன்றைக்கு இங்கே கடல் இருந்தது. கரையிலிருந்து அடித்துவரப்பட்ட மரம் சேற்றில் புதைந்தது. மட்குவதற்குள் தாதுக்கள் நிறைந்த நீர் அதன் உயிரணுக்களுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரம் இருந்த இடத்தில் சிலிக்காவை நிரப்பிவிட்டது. வடிவம் மரம், பொருள் கல்.

பெரம்பலூர், அரியலூர் மண்ணில் கடல் விட்டுப்போன கணக்கு இன்னும் நிறைய. காரைப் பக்கம் செம்மண்ணும் களியும் மழையில் அரிபட்டுக் கிடக்கும் பொட்டல் வெளியில் அந்தக் கடலின் உயிரினங்கள் கல்லாகக் கிடக்கின்றன. 1840களிலேயே இந்தப் பகுதியில் சேகரித்த சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் லண்டன் வரை போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு ஸ்டாலிஸ்கா என்ற ஐரோப்பிய விஞ்ஞானி ஆண்டுக்கணக்கில் இதிலேயே மூழ்கிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். உலகத்துப் புவியியல் மாணவர்களுக்கு அரியலூர் என்றால் தெரியும். பக்கத்து மாவட்டத்துக்காரனுக்கு அரியலூர் என்றால் சிமென்ட் லாரி.

2009ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே டைனோசர் முட்டைகளின் எச்சங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். 2020ல் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாக வந்தவற்றையும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் கொண்டாடியது. போய்ப் பார்த்த நிபுணர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றி உருவான படிவங்கள் என்றார்கள். உடனே எல்லோருக்கும் சுவாரசியம் போய்விட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடல் ஒன்று குளத்தடியிலிருந்து எட்டிப் பார்த்தது போதாதாம், முட்டை வேண்டுமாம்!

அதே குன்னம்

அந்தக் குன்னத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. உ.வே.சாமிநாதையரின் இளமைக் காலம் இந்தப் பக்கத்து ஊர்களில்தான் கழிந்தது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தோடு போய்த் தமிழ் படித்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றார். அதற்குப் பிறகுதான் மாயவரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். சங்க இலக்கியத்தை அச்சில் ஏற்றிய கைக்கு எழுத்தாணி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பூமி இது. "அங்க என்ன இருக்கு?"

கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவராகி வாழ்ந்த ஊர்களில் ஒன்று. ஐரோப்பியன் ஒருவன் தமிழ்க் கிராமத்தில் அவசரமில்லாமல் தங்கினான், தேம்பாவணியும் சதுரகராதியும் கிடைத்தன. நம்மவர்கள் ஐரோப்பியக் கிராமத்தில் இரண்டு நாள் தங்கினால் இருநூறு செல்ஃபி கிடைக்கிறது.

மேலப்பழுவூர்ப் பக்கம் போனால் பழுவேட்டரையர்கள் கட்டிய கோயில்கள் நிற்கின்றன. பொன்னியின் செல்வன் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் பழுவூருக்குப் பஸ் டிக்கெட் வாங்கினார்கள்? கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் தப்பித்தது. 2004ல் யுனெஸ்கோ முத்திரை விழுந்ததால் அதற்குக் கூட்டம் வருகிறது. வெளியூர்க்காரன் முத்திரை குத்தும்வரை கண்ணெதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சந்தை

பிரெஞ்சுச் சந்தையை வியக்கிறவர்கள் ஒரு வாரச் சந்தைக்குப் போய் எத்தனை வருடம் ஆயிற்று? காலையில் சாக்கு விரித்துக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். சின்ன வெங்காயம் பெரம்பலூர் மாவட்டத்தின் செல்லப்பிள்ளை. செட்டிகுளம் பக்கத்து வெங்காயத்துக்குத் தனிப் பெயர். ஒரு கூறு வாங்கினால் பேரம் பேசாமலே இரண்டு கை கொசுறு விழும். சூப்பர் மார்க்கெட் பில்லில் கொசுறு என்று ஒரு வரி கிடையாது.

கோடையென்றால் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பானையில் கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூருக்குப் போனால் மரத்தில் சாமி செதுக்குகிறார்கள். அந்த மரச்சிற்பங்களுக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டு வரவேற்பறையில் வைக்க ஆன்லைனில் எங்கோ அச்சில் வார்த்த பொம்மையை வாங்குகிறவர்கள், செதுக்குகிற ஆளைப் பார்த்து, "இது எத்தனை நாள் வேலை அண்ணே?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு வாங்கட்டும். விலை அதிகமாகத் தோன்றாது.

சாக்குகள்

இவ்வளவு சொன்னதும் மூன்று சாக்குகள் வரும்.

ஒன்று, வெயில். சித்திரையில் பெரம்பலூரில் வெயில் மண்டையைப் பிளக்கும், உண்மைதான். அதற்குத்தான் ஊர்க்காரன் ஐந்தரை மணிக்கு வேலையைத் தொடங்கிப் பதினொரு மணிக்குப் புளியமரத்தடியில் ஒதுங்குகிறான். அவன் நேரத்துக்குப் பயணம் செய்தால் வெயில் பிரச்னையில்லை. இல்லையா, மார்கழி தையில் வாருங்கள். கரைவெட்டி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகளும் அப்போதுதான் வருகின்றன. 2024ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி அது. கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வரும் வாத்துக்குத் தெரிந்த முகவரி, ஹைவேயில் போகிறவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு, வசதி. "நல்ல கக்கூஸ் இல்லை, நல்ல ஓட்டல் இல்லை." இதில் நியாயம் இருக்கிறது. பெண்களுக்கு இது பெரிய தடை, கிண்டல் பண்ணுகிற விஷயமில்லை. ஆனால் ஆள் வராத இடத்தில் யார் கட்டுவார்கள்? ஆள் நிற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பஸ்ஸை நிறுத்தும் மோட்டல்களில் காது கிழியும் பாட்டு, ஆறிப்போன பரோட்டா, இரண்டு மடங்கு விலை. அதை முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்ளும் பொறுமையில் பாதியை, ஊருக்குள் ஒரு டீக்கடைக்குக் கொடுத்தால் போதும். காரும் தேவையில்லை. டவுன் பஸ் எல்லா ஊருக்கும் போகிறது. 2021ல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசமானது. உலகத்திலேயே மலிவான உல்லாசப் பயணம் இதுதான்.

மூன்றாவதுதான் கனமான கேள்வி. "கிராமம் என்ன கண்காட்சியா? அங்கே வறுமை இருக்கிறது, சாதி இருக்கிறது, பிழைப்பு இல்லாமல் திருப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் போய் ரசிப்பதா?"

சரியான கேள்வி. ஓலைக் குடிசை முன்னால் நின்று "வாவ், சோ சிம்பிள் லைஃப்" என்று போஸ் கொடுப்பவர்கள் தயவுசெய்து ஹைவேயிலேயே போய்விடலாம். ஆனால் பார்க்காமல் போவதால் வறுமை குறைந்துவிட்டதா? சாதி ஒழிந்துவிட்டதா? கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவனுக்கு இரண்டும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நின்று போகிறவன் வெங்காயம் வாங்கும்போது அதன் விலை வயலில் என்ன, நகரத்தில் என்ன என்று தெரிந்துகொள்கிறான். டீக்கடை பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், யார் தள்ளி நிற்கிறார்கள் என்று கவனிக்கிறான். ரசிப்பது இருக்கட்டும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பார்க்காத பொருளுக்கு வாரிசு கிடையாது

பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம் என்று இதை விட்டுவிட முடியாது. "அங்கே ஒன்றும் இல்லை" என்ற பேச்சுக்கு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது அந்த ஊர்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பழைய கடலின் மிச்சம். அதிலிருந்துதான் சிமென்ட். சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. விடுதிக் கட்டடமே அதில்தான் நிற்கிறது. ஆனால் எந்தக் கல் அரவைக்கு, எந்தக் கல் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு என்று கேட்க ஆள் வேண்டும். அம்மோனைட்டைப் பார்த்தறியாத பிள்ளை அதைக் கேட்காது. கோட்டைச் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிறவனுக்கு அந்தச் சுவர் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. சாலையை அகலப்படுத்த மரம் வெட்டும்போதும், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசும்போதும் தடுப்பது சட்டம் மட்டும் இல்லை, "இது எங்க ஊருது" என்று எழுகிற ஒரு குரல். அந்தக் குரல்தான் இப்போது விடுதி அறையில் உட்கார்ந்து "திருச்சி பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இப்படி நின்று நிதானித்துப் போகும் வழக்கம் புதிதும் இல்லை. சிட்டியும் தி.ஜானகிராமனும் காவிரிக் கரையோடு காரில் பயணம் போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். 1971ல் புத்தகமாக வந்தது. அவர்கள் போனதும் ஊர் ஊராகத்தான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அப்படி ஒரு பயணம் இன்னும் பாக்கி இருக்கிறது.

பிரான்சுக்குத் தாராளமாகப் போங்கள். அங்கே எப்படி ஒவ்வொரு ஊரும் தன் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரம்பலூரில் இறங்கி டவுன் பஸ் பிடியுங்கள். கோட்டைமேல் ஏறுங்கள், கல்மரத்தைத் தொடுங்கள், அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்குங்கள். காரையில் கிடக்கும் கற்களை மட்டும் பையில் போடாதீர்கள், அது அங்கேயே கிடக்கட்டும்.

திரும்பி வந்து, விடுதியில் "திருச்சி பக்கம்" என்று சொன்னவனிடம், "வாலிகண்டபுரத்துல எந்தத் தெருடா?" என்று கேளுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். அதற்கே பஸ் காசு செரித்துவிடும்.